மணி போன இடம்

வாகைமலைத் தோட்டத்தில் பெரட்டு மணி காணாமல் போன காலையிலும் ஆட்கள் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"மணி அடிக்கல. அப்புறம் எப்படி வந்தீங்க?"

"போன்ல நேரம் பாத்துத்தாங்க தொரை" என்றாள் ஒருத்தி.

துரை யோசித்தார். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் களம். மணி அடித்தால் ஆள் கூடும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதுதான் ஒழுங்கு. மணி அடிக்காமல் வந்தவர்கள் கூட்டப்பட்டவர்கள் அல்லர். கூட்டப்படாதவர்களுக்கு வேலை பிரிக்க முடியாது. ஆகவே அன்று கொழுந்து பறித்தவர்கள் எல்லோரும் சொந்த விருப்பத்தில் மலையில் உலாவியவர்களாகக் கருதப்பட்டார்கள். கொழுந்து மட்டும் வழக்கம்போல் தொழிற்சாலைக்குப் போனது.

மணி அடிக்கும் மூக்கன் கம்பத்தின் கீழ் நின்றார். கம்பத்தில் கொக்கி இருந்தது. கொக்கியில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்தே பழகிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மூக்கன், மணி எங்க?"

"நேத்து இருந்திச்சுங்க."

"நான் நேத்தைப் பத்திக் கேக்கல."

கடைசியாக மணியைத் தொட்டவரே பொறுப்பு என்று துரை தீர்மானித்தார். கிடைக்கும்வரை மூக்கனுக்கு வேலை இல்லை. கிடைக்காவிட்டால் வரிசை வீடான லயத்தில் அவருக்குள்ள காம்பராவும் இல்லை. காம்பரா வேலைக்குரியது, ஆளுக்குரியதல்ல. மூக்கன் அந்த ஒற்றை அறையில்தான் பிறந்தார். மனைவி நாகலெட்சுமி முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டவள். மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காம்பரா மூக்கன் பெயரில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பொலிசுக்குச் சொல்லலாமே என்றார் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு.

"சொன்னா கண்டுபிடிச்சிருவாங்க. இல்லாட்டி கண்டுபிடிக்க மாட்டாங்க. ரெண்டுமே தோட்டத்துக்கு அவமானம்" என்றார் துரை.

துரையிடம் வேறு வழி இருந்தது. அவர் பள்ளிக்கூட நாட்களில் பார்த்த துப்பறியும் தொடர் ஒன்று இப்போது பிற்பகல்களில் மறுபடி தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு தனியார் துப்பறிவாளர்கள். தொடக்கத்தில் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவார்கள். நடுவில் வேறு வழியில்லாமல் கைகோப்பார்கள். கடைசியில் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார்கள். குற்றவாளி ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. நல்ல உடுப்பில், நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பான். திருடனைப் பிடிக்க இதைவிட ஒழுங்கான முறை இல்லை என்பது துரையின் கருத்து.

ஹட்டனிலிருந்து ஜூட்சன் வரவழைக்கப்பட்டார். அவருடைய துப்பறியும் நிலையம் பல் வைத்தியருக்கும் சோதிடருக்கும் நடுவில், மாடியில் இருந்தது.

செய்தி கேட்டுத் தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர் ஜீப்பில் வந்து களத்தில் நின்று பேசினார்.

"நிர்வாகத்துக்கு ஒரு துப்பறிவாளர் இருக்கலாம், தொழிலாளிக்கு இருக்கக் கூடாதா? நாங்கள் சும்மா இருக்கவில்லை. தலவாக்கலையிலிருந்து திரு. சுதாகரனை அழைத்து வந்திருக்கிறோம். மணி கிடைக்கிறதோ இல்லையோ, நமக்கும் ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். இதை வெற்றி என்று சொல்லாமல் வேறு எதை வெற்றி என்று சொல்வது?"

கைதட்டினார்கள். மூக்கனும் தட்டினார். பிறகு பக்கத்தில் போய், "ஐயா, என்னோட வேல?" என்றார்.

"மொதல்ல உரிமை. வேலையெல்லாம் அப்புறம்" என்றார் தலைவர்.

இரண்டு துப்பறிவாளர்களும் களத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவில்லை. அவர்கள் பகை மலையகம் அறிந்தது. இருவரும் கல்யாணத் துப்பறிவாளர்கள். பெண் வீடு ஒருவரைப் பிடித்தால் மாப்பிள்ளை வீடு மற்றவரைப் பிடிக்கும். மாப்பிள்ளை குடிப்பார் என்று ஜூட்சன் சொன்னால், பெண்ணின் அப்பா அதைவிட அதிகம் குடிப்பார் என்று சுதாகரன் சொல்வார். டயகமவிலிருந்து நல்லதண்ணி வரை இவர்கள் இருவரும் சேர்ந்து கலைத்த சம்பந்தங்கள் ஏராளம். தலை நரைத்தும் தாலி ஏறாதவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். வேறு வகையான விசாரணை இருவரும் செய்ததில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

ஜூட்சன் கழுத்துப்பட்டியோடு காம்பராவுக்கு வந்து இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தார்.

"சொந்த இடம்?"

"இதே லயந்தாங்க."

"அம்மா வழி?"

"டயகம."

"மேல்கணக்கா, கீழ்கணக்கா?"

"கீழ்கணக்குங்க."

தோட்டத்தின் கீழ்ப் பிரிவு என்றதும் ஜூட்சன் திருப்தியோடு தலையாட்டினார். "வலிப்பு, சக்கர வியாதி, பரம்பரையா ஏதும்?"

"இல்லீங்க. மணியப் பத்தி..."

"வருவோம். தண்ணி போடுவீங்களா?"

"தீவாளிக்கு."

"எந்தத் தீவாளிக்கு?"

மூக்கன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

காம்பராவில் நடக்க இடமில்லை. மூக்கன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினார்.

"சார், ஒரு விசயம். சாயந்தரமானா இங்க மேல்கணக்குப் பக்கமா மணிச் சத்தம் கேக்குதுங்க. நம்ம மணி மாதிரியே."

ஜூட்சன் நிமிர்ந்தார். "காதுக்குள்ள மணிச் சத்தம். இது ஒங்கப்பாவுக்கும் இருந்துச்சா?"

அதே நேரத்தில் சுதாகரன் லயம் லயமாகப் போய் ஆள் எப்படி, குணம் எப்படி, பெண்கள் விசயத்தில் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாலைக்குள் தோட்டம் முழுக்க ஒரு செய்தி பரவியது. மூக்கன் வீடு திரும்பியபோது நாகலெட்சுமி வாசலில் வெளக்கமாற்றோடு நின்றாள்.

"யாரு அவ?"

"எவ?"

"கோட்டுப் போட்டவன் வீடு வீடா வந்து ஒங்க யோக்கியதையக் கேட்டுட்டுப் போறான். இந்த வயசுல ஒங்களுக்குப் பொண்ணு குடுக்க வந்த புண்ணியவான் யாரு?"

"அடியே, மணி காணாமப் போனதுக்கு விசாரிக்கிறாங்க."

"மணி காணாமப் போனா ஒங்க பல்ல எதுக்குப் பாக்குறாங்க? பல்லுலயா மாட்டி வச்சிருக்கீங்க?"

மூக்கனுக்கும் அது புரியவில்லை. அவர் அன்று வெளியிலேயே நின்று சாப்பிட்டார்.

சில நாட்களில் இரண்டு முடிவுகள் வந்தன. குடும்பத்தில் தீபாவளிக் குடி இருப்பதால் மூக்கன் குற்றவாளி என்றார் ஜூட்சன். தாய் வழி டயகம கீழ்கணக்கு என்பதால் குற்றவாளி அல்ல என்றார் சுதாகரன். துரை சந்தோசப்பட்டார். தொடரிலும் இதுவரை இப்படித்தான் வந்தது.

"இனி நீங்க சேர்ந்து வேலை செய்யணும். அப்பத்தான் முடிவு வரும்."

இருவரும் பழக்கத்தால் மறுத்தார்கள். மேல்கணக்கு ஹோட்டலில் தங்க ஏற்பாடு என்று துரை சொன்னதும் மறுப்பதை நிறுத்தினார்கள்.

மேல்கணக்கு ஹோட்டல் முன்பு வெள்ளைக்காரத் துரையின் பங்களா. கம்பனி அதற்குச் சாயம் பூசிச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருந்தது. அவர்கள் கூடை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லயத்து ஆட்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. நிசமாகவே கொழுந்து பறிப்பவர்கள் படத்துக்குள் வந்தால் படம் கெட்டுவிடும் என்று விதி. அங்கே வேலை செய்பவர்களும் வெளியூரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

கூட்டு விசாரணைக்கு மூக்கன் அழைக்கப்பட்டார். காவல்காரன் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டான். விறாந்தையில் இரண்டு துப்பறிவாளர்களும் பிரம்பு நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். சில நாட்களில் இருவருக்கும் கன்னம் உப்பியிருந்தது.

"மூக்கன், ஒங்க அக்கா தங்கச்சியெல்லாம் எங்க கட்டிக் குடுத்திருக்கு?" என்று கேட்டார் சுதாகரன். பதிலுக்குக் காத்திருக்கும்போது ஜூட்சன் தலைக்கு மேலே தொங்கிய கயிற்றை இழுத்தார்.

மணி அடித்தது.

மூக்கன் தன்னை அறியாமல் திரும்பி, ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட பணியாள் ஒருவன் தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்தான்.

"சார், இது நம்ம மணிங்க."

"எது?"

"இப்ப அடிச்சீங்களே, அதுதாங்க."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணி பளபளவென்று துடைக்கப்பட்டு, சிவப்பு ரிபன் கட்டப்பட்டுத் தொங்கியது. ஜூட்சன் கயிற்றை மெதுவாக விட்டார்.

"வந்த நாள்ல இருந்து நாம இதுலதான் தேத்தண்ணி கேட்டிருக்கோம்" என்றார் சுதாகரன்.

"எனக்கு மொத நாளே சந்தேகம்."

"அப்ப ஏன் சொல்லல?"

"கேக் வரட்டும்னு இருந்தேன்."

ஹோட்டல் முகாமையாளர் இளைஞர். அவர் எதையும் மறைக்கவில்லை. கொழும்புத் தலைமையகத்தின் பாரம்பரியப் பிரிவு லொறி அனுப்பி, மணியை ஏற்றிவந்து மாட்டியதாகச் சொன்னார். "பழைய பொருளைப் பாதுகாக்கிறதுதான் எங்க கொள்கை. அங்கேயே இருந்தா தினமும் அடிச்சிட்டே இருப்பாங்க."

மூக்கனுக்கு மூச்சு வந்தது. திருடியது கம்பனி. கண்டுபிடித்தாகிவிட்டது. துரை வந்ததும் வணக்கம் சொல்லி, "தொரை, நாளைக்கு நான் வேலைக்கு வரலாங்களா?" என்றார்.

துரை மணியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு பேசினார்.

"கம்பனி பொருளைக் கம்பனியே எடுத்தால் அது திருட்டல்ல. நல்லது. ஆனால் திருட்டு நடந்ததென்று நான் கம்பனிக்கு அறிவித்துவிட்டேன். கம்பனியும் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துப் பதில் அனுப்பிவிட்டது. வருத்தப்பட்ட மேலிடத்திடம் போய், நீங்கள் வருத்தப்பட்டது வீண் என்று எந்தத் துரை சொல்வான்? அடுத்த மாதம் என் பதவி உயர்வு வருகிறது. ஆகவே திருட்டு இருக்கிறது. திருடிய பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைக்கவில்லை. இதெல்லாம் ஒரே முடிவுக்குள் வரவேண்டும்."

"அப்ப எனக்கு வேல?"

"அதைக் கடைசி அத்தியாயத்தில் பார்ப்போம்."

சனிக்கிழமை ஹோட்டல் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். துரை, சங்கத் தலைவர், ஹோட்டல் முகாமையாளர் முன்வரிசையில். மூக்கனும் நாகலெட்சுமியும் நாற்காலி விளிம்பில். லயத்து ஆட்கள் வெறுங்காலோடு வாசலில். துரை ஒவ்வொருவர் உடுப்பையும் உற்றுப் பார்த்தார். மூக்கன் துவைத்த சட்டை போட்டிருந்தார். அது துரைக்கு ஏமாற்றமளிக்கவில்லை.

துப்பறிவாளர்கள் எழுந்தார்கள். மற்றவர் வாசிக்க இருவரும் விடமாட்டார்கள் என்பதால் ஒரு வரி இவரும் ஒரு வரி அவருமாக முடிவைச் சொன்னார்கள். இத்தனை வருட அனுபவத்தில் அவர்களுக்குத் தெரிந்த முடிவுகள் இரண்டுதான். இடம் நல்ல இடம், அல்லது இடம் சரியில்லை.

"பிறந்த வீடு, பெரட்டுக் களம். கூரை கிடையாது. மழை வெயில் எல்லாம் தலையில்" என்றார் ஜூட்சன்.

"போன இடம், ஓட்டு வீடு. கம்பளம் விரித்திருக்கிறது. துடைத்துவிட ஆள் இருக்கிறது" என்றார் சுதாகரன்.

"போன இடத்தில் பெண் குறை சொல்லவில்லை."

"உடம்பு தேறியிருக்கிறது."

"குடி இருக்கிறது, ஆனால் வெளிநாட்டுக் குடி. மரியாதையானது."

"ஆகவே, மணி திருடப்படவில்லை."

"வாழ்க்கைப்பட்டிருக்கிறது."

"வாழப் போன பெண்ணைத் திருப்பி அழைப்பது முறையல்ல."

கடைசி வரியைச் சொல்லும்போது சுதாகரனின் குரல் தழுதழுத்தது. இருவரும் சேர்ந்து சரி என்று சொன்ன முதல் சம்பந்தம் அது. கை குலுக்கிக்கொண்டார்கள். முகாமையாளர் மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் லேசாக வெட்கப்பட்டார்.

துரை எழுந்து நின்று கைதட்டினார். மணி போனது உண்மை, அதற்கு யாரும் காரணமில்லை. ஒரு துரைக்கு இதைவிட என்ன வேண்டும்?

"தொழிலாளர் தரப்புத் துப்பறிவாளரின் பெயர் இரண்டாவதாக வந்திருப்பதைக் கண்டிக்கிறோம். மற்றபடி வரவேற்கிறோம்" என்றார் தலைவர்.

துரை மூக்கன் பக்கம் திரும்பினார். "மூக்கன் குற்றவாளி அல்ல. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். மணி போய்விட்டதால் மணி அடிக்கும் வேலையும் போய்விட்டது. மாத முடிவில் காம்பராவை ஒப்படைக்கலாம். திருடனாக அல்ல, கௌரவமாக."

மூக்கன் எழுந்தார். நன்றி சொல்ல வேண்டுமா, காலில் விழ வேண்டுமா என்று விளங்கவில்லை. பிறந்த காம்பரா கண்ணுக்கு முன்னால் வந்தது. "நல்லதுங்க" என்று வாயெடுத்தார். நாகலெட்சுமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தான் எழுந்தாள்.

"தொரை, ஒரு சந்தேகங்க. பொண்ணு கேட்டு யாரு வந்தா?"

முகாமையாளர் துரையைப் பார்த்தார்.

"வெத்தல பாக்கு மாத்துனது யாரு? பரிசம் போட்டது எப்ப? பெத்தவனுக்குத் தெரியாம, விடியுறதுக்குள்ள லொறியில ஏத்திட்டுப் போனா எங்க லயத்துல அதுக்குப் பேரு கலியாணம் இல்லீங்க."

"வேற என்ன?" என்றார் துரை.

"இழுத்துக்கிட்டு ஓடுனது!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. பெண்கள் சிரித்தார்கள்.

துப்பறிவாளர்கள் இருவருக்கும் முகம் வெளுத்தது. தலைகளைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். ஜூட்சன் தொண்டையைச் செருமினார்.

"சார், பரிசம் போடாத சம்பந்தத்தை நாங்க நல்ல இடம்னு சொன்னதா வெளியில தெரிஞ்சா ஹட்டன்ல நான் கடையைச் சாத்தணும்."

"தலவாக்கலையில நானும்" என்றார் சுதாகரன். "அந்த அம்மா சொல்றது சரி. பரிசம் இல்லாட்டி எங்க முடிவு செல்லாது."

துரை கணக்குப் போட்டார். முடிவு செல்லாவிட்டால் திருட்டு திரும்பி வரும். திருட்டு வந்தால் திருடன் வேண்டும். திருடன் கொழும்பில் ஏழாவது மாடியில் இருக்கிறான்.

"பரிசத்துக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் தப்படித்தார்கள். துரையும் ஹோட்டல் முகாமையாளரும் முன்னால் வந்தார்கள். பின்னால் இரண்டு துப்பறிவாளர்களும் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஒரு சிவப்புச் சேலை வைத்த தட்டுகளைச் சுமந்து வந்தார்கள். தலைவர் இரு வீட்டாருக்கும் பொதுவாக நடுவில் உட்கார்ந்துகொண்டார். மூக்கன் இரவல் வேட்டியில் பாயில் இருந்தார்.

துரை ஒரு லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் முதுகு சுவரில் முட்டியது, முழங்கால் அடுப்பில் இடித்தது.

"இவ்வளவுதானா வீடு?"

"இவ்வளவுதாங்க."

"கம்பனி கட்டினதா?"

"வெள்ளக்காரன் கட்டுனதுங்க. கம்பனி நம்பர் போட்டுச்சு."

தட்டு மாற்றும் நேரம் வந்தது. மூக்கன் தட்டைத் தொடாமல் நாகலெட்சுமியைப் பார்த்தார். அடுத்து என்ன செய்வதென்று அவருக்கு நிசமாகவே தெரியவில்லை. எல்லோரும் அதைப் பெண்ணைப் பெற்றவரின் பிடிவாதம் என்று நினைத்தார்கள்.

"பெத்தவருக்கு ஏதோ மனக்குறை" என்றார் ஜூட்சன் கவலையோடு.

"இருக்காதாங்க?" என்றாள் நாகலெட்சுமி. "நல்லது கெட்டதுக்கு வந்து போக பொண்ணுக்குத் தாய்வீடு வேணும். மாசக் கடைசியில இதக் காலி பண்ணிக் குடுத்துட்டா அவ எங்க வருவா? ஹோட்டல்காரங்க பொண்டாட்டிக்குப் பொறந்த வீடு கெடையாதுன்னு ஊரு பேசாதா?"

"நியாயம்" என்றார்கள் இரண்டு துப்பறிவாளர்களும் ஒரே குரலில். பிறந்த வீடில்லாத பெண் என்றால் அந்தச் சம்பந்தத்துக்கு அவர்கள் சங்கடமில்லாமல் குறை எழுதுவார்கள்.

துரைக்கு முழங்கால் சுட்டது. சீக்கிரம் எழுந்தால் போதும் என்றிருந்தது. "சரி. மணி இருக்கும்வரை காம்பரா இருக்கட்டும்" என்றார். பிறகு சந்தேகம் வந்து, "மணி எத்தனை வருசம் இருக்கும்?" என்று கேட்டார்.

"வெங்கலங்க" என்றார் மூக்கன்.

தட்டு மாறியது. தலைவர் எழுந்து, லயத்துக் காம்பரா ஒன்று நிரந்தரமாகப் பெறப்பட்டது சங்கத்தின் சாதனை என்று பேசினார். ஜூட்சனும் சுதாகரனும் ஆளுக்கொரு வாழைப்பழம் உரித்தார்கள்.

ஆடி பிறக்கச் சில நாட்களே இருந்தன. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம் என்று நாகலெட்சுமி ஆள் விட்டாள். முகாமையாளர் துரையைக் கேட்டார். துரை துப்பறிவாளர்களைக் கேட்டார். அழைக்காவிட்டால்தான் தப்பு என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். ஹோட்டல் வேனில் மணி வந்தது. சிவப்புச் சேலை சுற்றியிருந்தது. வாசலில் ஆலத்தி எடுத்து இறக்கினார்கள். தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைத் தரையில் வைக்கலாமா என்று கேட்டுக் கம்பத்தில் மாட்டினார்கள். மணி இருப்பதால் மணி அடிக்கும் வேலையும் இருந்தது. மூக்கன் மறுநாள் காலை கயிற்றைப் பிடித்தார்.

ஆடி முடிந்தது. வேன் வந்தது. நாகலெட்சுமி வேனுக்கு முன்னால் நின்றாள்.

"அனுப்ப முடியாது தம்பி. மாசமா இருக்கா."

சாரதி இளம் பையன். வேனைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

துரை இரண்டு துப்பறிவாளர்களையும் அனுப்பினார். அவர்கள் மணியில் காதை வைத்துக் கேட்டார்கள். நாகலெட்சுமியிடம் சில கேள்விகள் தனியாகக் கேட்டார்கள். மூன்றாம் மாதம் என்றார் ஜூட்சன். ஐந்து என்றார் சுதாகரன். பழைய பகை ஒருகணம் எட்டிப் பார்த்தது. ஆனால் முடிவு ஒன்றாகவே வந்தது. முதல் பிரசவம் தாய்வீட்டில். அதுவரை பயணம் கூடாது.

மணிக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை வேண்டுமென்று தலைவர் அறிக்கை விட்டார். துரை அதை மட்டும் மேலிடத்தின் பரிசீலனைக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் பனி இறங்கியிருந்தது. மூக்கன் கம்பத்தடிக்குப் போய், மூச்சை இழுத்து, எப்போதும்போல் ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தார்.

லயத்திலிருந்து நாகலெட்சுமியின் சத்தம் வந்தது.

"மனுசா, மெல்ல அடிங்க! புள்ளத்தாச்சி!"

மூக்கன் பயந்து கையைத் தளர்த்தினார். அதன்பிறகு அவர் மெல்லத்தான் அடித்தார்.